கிரியேட் 6 அப்டேட்டும் காணாமல்போன தண்டவாளங்களும்: பிரிசம் லாஞ்சரில் ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரியில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் கிரியேட் மாட் 6.0 பதிப்பாக வெளிவந்தது. மாட் என்பது விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல். பற்சக்கரம், நீர்ச்சக்கரம், பொருள் நகர்த்தும் பட்டை, ரயில் என்று ஓடும் இயந்திரங்களை விளையாட்டுக்குள் கட்டவைக்கும் மாட் இது. இதை அடித்தளமாக வைத்து எழுதப்பட்ட துணை மாட்கள் ஏராளம். புதிய பதிப்பு வந்ததும் பல கணினிகளில் ஒரே வரிசையில் ஒரே விபத்து நடந்தது: அப்டேட் பொத்தான், பிழைத் திரை, ஒன்றிரண்டு மாட்களை முடக்குதல், மறுபடி திறத்தல், உலகத்தில் பாதித் தண்டவாளம் இல்லை. யாரோ ஒருவருடைய கதையாகச் சொல்லாமல், அந்த விபத்துகளில் பொதுவாக இருந்தவற்றைச் சேர்த்து ஒரு மாதிரி அமைப்பாக இங்கே ஆராய்கிறோம்.

மாதிரி அமைப்பு இது. விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம், இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ். விளையாட்டைத் திறக்கும் செயலியான பிரிசம் லாஞ்சருக்குள் மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் 1.20.1, மாட்களை ஏற்றும் லோடரான ஃபோர்ஜின் 47 வரிசை, ஜாவா 17. மாட்களில் முக்கியமானவை கிரியேட் 0.5.1 வரிசை, அதன் துணை மாட்களான ஸ்டீம் அண்ட் ரெயில்ஸ், கிராஃப்ட்ஸ் அண்ட் அடிஷன்ஸ். கூடவே ஃபார்மர்ஸ் டிலைட், ஜேஇஐ, ஜேட், எம்பீடியம். தனியாக விளையாடும் உலகம் ஒன்று, அதில் நீண்டு பரவிய ரயில் பாதை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உலகம் கிராஷ் ஆனதால் கெடவில்லை. கிராஷை நிறுத்துவதற்காக எடுத்த நடவடிக்கைதான் அதைக் கெடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் மாட் தொகுப்பை அது இருக்கும் இடத்திலேயே அப்டேட் செய்யக்கூடாது என்பதை இந்த நிகழ்வைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

பிரிசம் லாஞ்சர் எதைத் தனியாக வைக்கிறது

மைன்கிராஃப்டின் சொந்த லாஞ்சர், வேறு வழி சொல்லாவிட்டால், எல்லாப் பதிப்புகளுக்கும் ஒரே ஃபோல்டரைப் பயன்படுத்தும். மாட்ஸ் ஃபோல்டர் ஒன்று, கான்ஃபிக் ஃபோல்டர் ஒன்று, உலகங்கள் இருக்கும் சேவ்ஸ் ஃபோல்டரும் ஒன்று. 1.20.1க்கான மாட்களும் 1.21.1க்கான மாட்களும் அங்கே கலந்துவிடுவது எளிது.

மல்டிஎம்சி வழியில் வந்த லாஞ்சர்கள் இதைத் தீர்க்க எழுந்தவை. மல்டிஎம்சியிலிருந்து பாலிஎம்சி பிரிந்தது. 2022 அக்டோபரில் பாலிஎம்சியின் பொறுப்பாளர் மற்ற பங்களிப்பாளர்களை வெளியேற்றியபோது அவர்கள் தொடங்கியதே பிரிசம். இவற்றில் ஒவ்வொரு 'இன்ஸ்டன்ஸ்'க்கும் தனி வீடு உண்டு: தன் மாட்ஸ், தன் கான்ஃபிக், தன் சேவ்ஸ், தன் லாக்ஸ் (ஓட்டத்தின் பதிவுகள்). ஜாவா பாதையையும் ரேம் அளவையும்கூட இன்ஸ்டன்ஸ் வாரியாக மாற்றலாம். விண்டோஸில் இவை ஆப்டேட்டா ரோமிங்குக்குள் பிரிசம்லாஞ்சர் என்ற ஃபோல்டரில் 'இன்ஸ்டன்சஸ்' என்பதற்குள் இருக்கும். தேடி அலைய வேண்டியதில்லை; இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்து 'ஃபோல்டர்' பொத்தானை அழுத்தினால் நேராக அங்கே போகும்.

விளையாட்டை வாங்கிய மைக்ரோசாஃப்ட் கணக்கு பிரிசமுக்கும் தேவை. மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங்கின் பழைய கணக்குகளை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு 2023 செப்டம்பர் 19 அன்று முடிந்துவிட்டது.

மாதிரி அமைப்பைப் புதிதாகக் கட்டும் வழி சுருக்கமாக. 'ஆட் இன்ஸ்டன்ஸ்' அழுத்தி, 'கஸ்டம்' பகுதியில் 1.20.1 தேர்ந்தெடுத்து, கீழே மாட் லோடராக ஃபோர்ஜைக் குறித்து, பரிந்துரைக்கப்பட்ட பதிப்பை எடுத்து, ஓகே. மாட் எதையும் போடாமல் ஒருமுறை 'லாஞ்ச்' செய்து முதன்மைத் திரை வருகிறதா என்று பார்த்து மூட வேண்டும். இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஜாவாவோ கிராஃபிக்ஸ் டிரைவரோ சரியில்லையென்றால் அது இங்கேயே தெரிந்துவிடும்; நாற்பது மாட் போட்டபின் தெரிந்தால் பழி மாட்கள்மேல் விழும். பிறகு 'எடிட்', 'மாட்ஸ்', 'டவுன்லோட் மாட்ஸ்'. இடப்பக்கத்தில் மாட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் என்று இரண்டு தளங்களும் வரும். அங்கே தேடினால் 1.20.1க்கும் ஃபோர்ஜுக்கும் பொருந்தும் கோப்புகள் மட்டும் வடிகட்டப்பட்டு வரும். தேவைப்படும் சார்பு மாட்களையும் லாஞ்சரே சேர்த்துக் காட்டி உறுதி கேட்கும்.

கர்ஸ்ஃபோர்ஜில் சில மாட்களின் ஆசிரியர்கள் வேறு லாஞ்சர்கள் வழியாக இறக்குவதை அனுமதிப்பதில்லை. பல மாட்களின் தொகுப்பான மாட்பேக் ஒன்றை நிறுவும்போது இப்படிப்பட்டவை இருந்தால் பிரிசம் ஒரு பட்டியலைக் காட்டி, உலாவியில் நீங்களே இறக்கச் சொல்லும். இறக்கிய கோப்பை எங்கும் நகர்த்த வேண்டாம். லாஞ்சர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டிருக்கும். கோப்பின் அடையாள எண்ணான ஹாஷ் பொருந்தினால் பட்டியலில் பச்சை விழும். பச்சை விழவில்லையென்றால் வேறு பதிப்பை இறக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

நடந்தது என்ன

மாட்ஸ் பக்கத்தில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தியதும் புதிய பதிப்புள்ள மாட்கள் எல்லாம் குறியிட்ட பட்டியலாக வந்தன. கிரியேட் 0.5.1 இருந்த இடத்தில் 6.0. மாற்றக் குறிப்பைப் படிக்காமல் ஓகே. பழைய கோப்புகள் நீங்கிப் புதியவை வந்தன.

அடுத்த ஓட்டத்தில் ஃபோர்ஜ் முதன்மைத் திரைக்குப் போகாமல் பிழைத் திரையில் நின்றது: ஒரு துணை மாடுக்குக் கிரியேட்டின் 0.5.1 வரிசை வேண்டும், ஆனால் இருப்பது 6.0. பயனர் அந்தத் துணை மாடின் குறியை எடுத்தார். பிரிசமில் குறியை எடுத்தால் கோப்பு அழிவதில்லை. பெயரின் இறுதியில் 'டிசேபிள்ட்' என்று சேர்ந்து, லோடரின் கண்ணில் படாமல் போகும். மீண்டும் ஓட்டினார். இம்முறை பிழைத் திரை வரவில்லை, பாதியில் கிராஷ். இன்னொரு துணை மாடையும் முடக்கினார். மூன்றாம் முறை விளையாட்டு திறந்தது. உலகத்தையும் திறந்தார். அங்கேதான் சேதம்.

லாஞ்சர் ஏன் தடுக்கவில்லை

லாஞ்சரைக் குறைசொல்வது எளிது, நியாயமாகாது. மாட்ரிந்தோ கர்ஸ்ஃபோர்ஜோ ஒரு கோப்பைப் பற்றி லாஞ்சருக்குச் சொல்வது முதன்மையாக மூன்று: எந்த மைன்கிராஃப்ட் பதிப்பு, எந்த லோடர், எந்த மாட்கள் தேவை. கிரியேட் 0.5.1, கிரியேட் 6.0 இரண்டுமே 1.20.1, ஃபோர்ஜ் என்றே குறிக்கப்பட்டவை. துணை மாடுக்குக் 'கிரியேட் தேவை' என்பது தெரியும். எந்தக் கிரியேட்டுக்குமேல் ஆகாது என்பது பெரும்பாலும் அந்தத் தகவலில் இருப்பதில்லை.

அது இருக்கும் இடம் மாடின் ஜார் கோப்புக்குள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரிலுள்ள மாட்ஸ்.டாமல். ஜார் என்பது ஜிப் வடிவம்தான், எந்த ஜிப் கருவியிலும் திறந்து பார்க்கலாம். அதில் சார்பு மாட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எல்லை எழுதியிருக்கும். [0.5.1,0.5.2) என்றால் 0.5.1 முதல் ஆகும், 0.5.2ஐத் தொடக்கூடாது, சதுர அடைப்பு அந்த எண்ணைச் சேர்க்கும், வளைவு அடைப்பு விலக்கும். [0.5.1,) என்றால் மேல் எல்லையே இல்லை, 6.0உம் ஆகும் என்று ஃபோர்ஜ் எடுத்துக்கொள்ளும்.

முதல் ஓட்டத்தில் வந்த பிழைத் திரை மேல் எல்லை எழுதிய ஆசிரியரின் கவனத்தால் வந்தது. இரண்டாம் ஓட்டத்தின் கிராஷ் எல்லை எழுதாத மாடால் வந்தது. மேல் எல்லை போடுவது பயனரைத் தொல்லைப்படுத்தும் என்று சில மாட் ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கருத்து நேர் எதிர்: பிழைத் திரையில் நிற்கும் விளையாட்டு எந்த உலகத்தையும் தொடுவதில்லை. அதுதான் பயனருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பாதுகாப்பான தோல்வி.

லாகைப் படிக்கும் முறை

இரண்டாம் கிராஷில் பயனர் எதை முடக்குவது என்பதை ஊகித்தார். ஊகிக்கத் தேவையில்லை. 'எடிட்' சாளரத்தில் 'மைன்கிராஃப்ட் லாக்' பக்கம் உண்டு. கிராஷ் அறிக்கை தனியாக 'கிராஷ்-ரிப்போர்ட்ஸ்' ஃபோல்டரில் விழும். லாக்ஸ் ஃபோல்டரில் லேட்டஸ்ட்.லாக் இருக்கும், ஃபோர்ஜ் கூடுதலாக டீபக்.லாக் ஒன்றும் எழுதும்.

கிராஷ் அறிக்கையின் முதல் பிழை வரியில் பெரும்பாலும் விளையாட்டின் பொதுவான இடம் ஒன்றுதான் தெரியும். கீழே இறங்கி 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளைத் தேட வேண்டும். பல இருந்தால் கடைசியாக வருவதே வேர். இந்த நிகழ்வில் கடைசி வரி 'நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்', அதைத் தொடர்ந்து 'காம்/ஜோசுஃபோசு/ஃப்ளைவீல்' என்று தொடங்கும் ஒரு பெயர்.

இந்தப் பெயரில் முழு விடையும் இருக்கிறது. ஃப்ளைவீல் என்பது கிரியேட் தன் சுழலும் பாகங்களை வேகமாக வரையப் பயன்படுத்தும் நூலகம். கிரியேட் 6இல் அது புதிதாக எழுதப்பட்டு 'டெவ்.எஞ்சின்_ரூம்.ஃப்ளைவீல்' என்ற பெயரிடத்துக்கு மாறியது. கருவிகளை விளக்கும் பாண்டர் பகுதியும் தனி நூலகமாகப் பிரிந்தது. 0.5.1க்காகத் தொகுக்கப்பட்ட துணை மாட் பழைய முகவரியில் கதவைத் தட்டுகிறது. அங்கே யாரும் இல்லை. கிரியேட்டும் பழுதில்லை, துணை மாடும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு காலத்தவை. அந்த வரிக்குக் கீழே உள்ள 'அட்' வரிகளில் முதலில் தென்படும் மாடின் பெயரைக் குறித்துக்கொண்டால் யார் தட்டினார் என்பதும் தெரிந்துவிடும்.

வேறு பிழைகளையும் இதே போல் அடையாளம் காணலாம். 'நோசச்மெத்தட்எரர்' என்றால் வீடு இருக்கிறது, கேட்ட ஆள் இல்லை. ஒரே நூலகத்தின் தவறான பதிப்பு. 'மிக்ஸின்' என்ற சொல்லோடு 'இன்ஜெக்ஷன்' தோல்வி என்று வந்தால், இரண்டு மாட்கள் விளையாட்டின் ஒரே பகுதியைத் திருத்த முயன்றிருக்கலாம், அல்லது ஒரு மாட் வேறு பதிப்புக்கு எழுதியதாக இருக்கலாம்; மிக்ஸின் கோப்பின் பெயரில் பெரும்பாலும் மாடின் பெயர் ஒட்டியிருக்கும். 'டூப்ளிகேட் மாட்ஸ்' என்றால் ஒரே மாடின் இரண்டு ஜார்கள் கிடக்கின்றன. கையால் இறக்கிப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும்; உலாவி இரண்டாவது கோப்பின் பெயரில் (1) சேர்த்திருக்கும். ஜாவா 21க்குத் தொகுத்ததை ஜாவா 17 திறக்க முயன்றால் 65, 61 என்ற இரண்டு எண்களோடு பிழை வரும்: முதலாவது கோப்பு கேட்பது, இரண்டாவது உங்களிடம் இருப்பது. இங்கே ஜாவாவை மாற்ற ஓடக்கூடாது. 1.20.1 இன்ஸ்டன்ஸில் 65 தெரிந்தால், 1.20.5க்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ ஆன கோப்பு உள்ளே வந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

லாகில் பெயரே தெரியாத பிழைக்குப் பாதிபாதியாகப் பிரிக்கும் வழி இருக்கிறது. மாட்களில் பாதியை முடக்கி ஓட்டுவது. பிழை நின்றால் குற்றவாளி முடக்கிய பாதியில். 64 மாட் இருந்தாலும் ஆறு சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். சார்பு நூலகங்களை அவற்றைக் கேட்கும் மாட்களோடு சேர்த்தே நகர்த்த வேண்டும். இதை உண்மையான உலகத்தைத் திறந்து செய்யவே கூடாது. புதிதாக ஒரு வெற்று உலகம் உருவாக்கி அதில் மட்டும்.

சேதம் எப்படி விழுந்தது

மைன்கிராஃப்ட் உலகம் ஒன்று 16க்கு 16 கட்டங்கள் கொண்ட சங்க்குகளாகப் பிரிகிறது. 32க்கு 32, அதாவது 1024 சங்க்குகள் ஒரு ரீஜன் கோப்பில் அடங்கும். ஒவ்வொரு சங்க்கும் தன்னிடமுள்ள பிளாக்குகளைப் பெயரால் எழுதி வைத்திருக்கிறது. ஸ்டீம் அண்ட் ரெயில்ஸின் தண்டவாளம் என்றால் அந்த மாடின் பெயரோடுதான் இருக்கும். மாட் இல்லாமல் அந்தச் சங்க்கைத் திறந்தால் விளையாட்டுக்கு அந்தப் பெயர் புரியாது. புரியாத பிளாக்கை அது காற்றாக எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் இருந்த புரியாத பொருள்களும் போய்விடும். அதன்பின் சங்க்கு சேமிக்கப்பட்டால் வட்டிலும் காற்றுதான். மாடைத் திரும்பப் போட்டாலும் தண்டவாளம் வராது.

ஆனால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஆட்டக்காரர் நின்ற இடத்தைச் சுற்றியும் உலகத்தின் தொடக்கப் புள்ளியைச் சுற்றியும் உள்ள சங்க்குகள்தான் ஏறும். போகாத ஊரின் தண்டவாளம் ரீஜன் கோப்பில் அப்படியே உயிரோடு இருக்கும். அதனால் காணவில்லை என்று தெரிந்த நொடியில் ஊரெல்லாம் சுற்றிச் சேதம் பார்ப்பது மிக மோசமான செயல். போகும் வழியெல்லாம் சேதம் பரவும்.

1.20.1இல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிப்பு நடக்கும். தனி ஆட்டத்தில் எஸ்கேப் அழுத்தி இடைநிறுத்தினாலும் சேமிக்கும். லாகில் 'சேவிங் அண்ட் பாஸிங் கேம்' என்று வரும் வரி அதுதான். ஆல்ட்-டேப் அழுத்தி வேறு சாளரத்துக்குப் போனாலும், இயல்பான அமைப்பில், விளையாட்டு தானாக இடைநிறுத்தி அதே சேமிப்பைச் செய்துவிடும். பிரிசமின் 'கில்' பொத்தான் விளையாட்டைச் சேமிக்காமல் கொல்லும் என்பது உண்மை. அதை அழுத்த லாஞ்சர் சாளரத்துக்கு மாறுவதே சேமிப்பைத் தூண்டிவிடும். எஃப்3ஐப் பிடித்துக்கொண்டு பி அழுத்தினால் சாளரம் மாறும்போது இடைநிறுத்தும் வழக்கம் நிற்கும். அதன்பின் மாறி 'கில்' செய்யலாம். இது கடைசி நேர முயற்சி மட்டுமே.

ரயில் பாதைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியேட் தன் பாதை வலையையும் ரயில்களையும் சங்க்குகளில் மட்டும் வைப்பதில்லை. உலகத்தின் ஃபோல்டருக்குள் டேட்டா என்பதில் 'கிரியேட்_டிராக்ஸ்' என்ற தனிக் கோப்பில் வைக்கிறது. பேக்கப்பிலிருந்து ரீஜன் ஃபோல்டரை மட்டும் எடுத்து ஒட்டினால் தண்டவாளம் கண்ணுக்குத் தெரியும், வலை வேறொரு காலத்தினுடையதாக இருக்கும், ரயில்கள் தடம்புரளும். மீட்பது என்றால் உலகத்தின் ஃபோல்டரை முழுவதுமாக மீட்க வேண்டும்: ரீஜன், என்டிட்டீஸ், பிஓஐ, டேட்டா, பிளேயர்டேட்டா, லெவல்.டேட், சர்வர்கான்ஃபிக் எல்லாம் ஒரே நேரத்துப் பிரதியிலிருந்து. சர்வர்கான்ஃபிக்கை மறந்துவிட வேண்டாம், 1.20.1 ஃபோர்ஜில் கிரியேட்டின் ஆட்ட விதி அமைப்புகள் உலகத்துக்குள் அங்கேதான் இருக்கின்றன.

பேக்கப் இல்லாதபோது செய்யக்கூடியது இது. இப்போதிருக்கும் உலகத்தின் ஃபோல்டரை முழுவதுமாக ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தி, கிரியேட்டைப் பழைய 0.5.1 கோப்புக்கு மாற்றி, துணை மாட்கள் எல்லாவற்றையும் மீண்டும் இயக்கி, அதன்பிறகே திறப்பது. பிரிசமின் அண்மைப் பதிப்புகளில் மாடைத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச் வெர்ஷன்' கொடுத்தால் பழைய பதிப்புகளின் பட்டியல் வரும். தொட்ட இடம் போனது போனதுதான், தொடாத இடம் பிழைக்கும். 6.0இல் புதிதாக வைத்த பிளாக் ஏதாவது இருந்தால் 0.5.1க்குத் திரும்பும்போது அதுவும் காற்றாகும்.

சரியாகச் செய்திருந்தால்

பிரிசமில் இன்ஸ்டன்ஸை வலச்சொடுக்கி 'காப்பி இன்ஸ்டன்ஸ்'. பெயரைப் பார்த்தவுடன் தெரியும்படி கொடுப்பது நல்லது, '1.20.1 கிரியேட் 6 சோதனை' போல. சேவ்ஸ், மாட்ஸ், கான்ஃபிக் எல்லாம் சேர்த்தே பிரதி எடுக்க வேண்டும். கிரியேட்டில் வரைபடமாகச் சேமித்த கட்டுமானங்கள் 'ஸ்கீமாட்டிக்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். அதுவும் வந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

அதே சாளரத்தில் இடத்தை மிச்சப்படுத்தச் சிம்பாலிக் லிங்க், ஹார்ட் லிங்க் என்ற தேர்வுகள் உண்டு. சோதனைப் பிரதிக்கு இவற்றைத் தொடக்கூடாது. சிம்பாலிக் லிங்கில் சேவ்ஸ் ஃபோல்டர் பழைய இடத்தையே சுட்டும். சோதனையில் உலகத்தைத் திறப்பதும் உண்மையான உலகத்தைத் திறப்பதும் ஒன்றாகிவிடும். ஹார்ட் லிங்கிலும் இரு பெயருக்கும் ஒரே தரவு என்பதால் ரீஜன் கோப்பில் எழுதுவது இரண்டையும் மாற்றும். பிடிஆர்எஃப்எஸ், ஏபிஎஃப்எஸ், ஆர்இஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில் கிடைக்கும் 'குளோன்' வழி மட்டும் விதிவிலக்கு: எழுதும்போது பிரிந்துகொள்ளும், பாதுகாப்பானது. வழக்கமான விண்டோஸ் வட்டு என்டிஎஃப்எஸ். அங்கே முழுப் பிரதிதான்.

பிரதியில் அப்டேட் பட்டியலைத் திறந்து முதலில் எல்லாக் குறிகளையும் எடுத்துவிட வேண்டும். கிரியேட்டை மட்டும் குறிக்கவும். அடுத்து துணை மாட்கள் ஒவ்வொன்றின் பக்கத்துக்கும் போய்க் கிரியேட் 6க்கான கோப்பு உண்டா என்று மாற்றக் குறிப்பில் படிக்கவும். 1.20.1 என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். உண்டு என்பவற்றை அப்டேட் செய்து, இல்லை என்பவற்றை முடக்கி, வெற்று உலகம் ஒன்றில் பத்து நிமிடம் ஓட்டவும்: ஒரு நீர்ச்சக்கரம், ஒரு அழுத்தி, ஒரு பட்டை, சிறு வளையமாக ஒரு ரயில். சுழலும் பாகங்கள் ஓசை மட்டும் வந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிக்கல். சாட் பெட்டியில் 'ஃப்ளைவீல் பேக்கெண்ட்' கமாண்டைக் கொடுத்து 'ஆஃப்' நிலைக்கு மாற்றிப் பார்க்கவும். பாகங்கள் தெரிந்தால் மாட்கள்மேல் குற்றமில்லை என்று உறுதியாகும்.

அதன்பிறகுதான் பிரதியிலுள்ள பழைய உலகம். கிரியேட் 6இல் இன்னும் வராத துணை மாடின் தண்டவாளம் உங்கள் பாதையில் இருக்குமானால் இரண்டே வழி. ஒன்று, அந்த மாட் வரும்வரை பழைய இன்ஸ்டன்ஸிலேயே விளையாடுவது. நாங்கள் இதையே பரிந்துரைப்போம், 0.5.1 ஒரு நாளில் கெட்டுப்போய்விடுவதில்லை, 6.0இன் பொட்டலம் அனுப்பும் வசதிகள் காத்திருக்கும். மற்றொன்று, பழைய இன்ஸ்டன்ஸில், எல்லா மாடும் இருக்கும்போதே, அந்தச் சிறப்புத் தண்டவாளங்களைப் பெயர்த்துக் கிரியேட்டின் சாதாரணத் தண்டவாளமாக மாற்றிவிட்டு, பெட்டிகளில் இருக்கும் அந்த மாடின் பொருள்களையும் காலிசெய்துவிட்டு, அதன்பின் பிரதி எடுத்து நகர்வது. வேலை அதிகம், ஆனால் இழப்பு இல்லை.

அப்டேட் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் 'எக்ஸ்போர்ட் இன்ஸ்டன்ஸ்' வழியாகத் தொகுப்பை மாட்ரிந்த் பேக்காக எடுத்துவைக்கலாம். அதில் கோப்புகளின் முகவரியும் ஹாஷும் இருப்பதால் அதே பதிப்புகள், அதே பைட்டுகள் பின்னாளில் திரும்பக் கிடைக்கும். உலகத்துக்கு மட்டும் விளையாட்டின் 'எடிட் வேர்ல்ட்' திரையில் 'மேக் பேக்கப்' உண்டு. ஜிப் கோப்பு 'பேக்கப்ஸ்' ஃபோல்டரில் விழும். அதை வேறொரு வட்டுக்கோ மேகச் சேமிப்புக்கோ நகர்த்தினால்தான் அது பேக்கப்.

ரேமும் ஜாவாவும்

1.16.5 வரை ஜாவா 8, 1.17க்கு 16, 1.18 முதல் 1.20.4 வரை 17, 1.20.5 முதல் 1.21 வரிசை வரை 21. பிரிசம் பொருந்தாத ஜாவாவைக் கண்டால் நிறுத்தும். சோதனையைத் தவிர்க்கும் தேர்வை அழுத்தி அந்தத் தடையை நீக்கிவிடாதீர்கள். பதிப்பு 9 முதல் தேவையான ஜாவாவை லாஞ்சரே இறக்கிக்கொள்ளவும் செய்யும். 32-பிட் ஜாவா கிடந்தால் நீக்கிவிடவும். அதில் ரேமைக் கூட்ட முயன்றால் ஹீப்புக்கு (ஜாவா பயன்படுத்தும் நினைவகத்துக்கு) இடமில்லை என்ற பிழையோடு ஓடாமல் நின்றுவிடும்.

8 ஜிபி லேப்டாப்பில் இந்தத் தொகுப்புக்கு 4096 எம்பி போதும். உள்ளமைந்த கிராஃபிக்ஸும் அதே ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கிறது, விண்டோஸுக்கும் வேண்டும். 6 ஜிபி கொடுத்தால் வேகம் கூடாது. கணினி வட்டுக்குத் தள்ளித் தள்ளி மூச்சுவாங்கும்.

கோப்பு எங்கிருந்து வருகிறது

தனித்தனி இன்ஸ்டன்ஸ் என்பது மாட்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. உங்கள் கணினியை மாட்களிடமிருந்து பிரிக்கவில்லை. மாட் என்பது உங்கள் கணக்கின் முழு அனுமதியோடு ஓடும் நிரல். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் கர்ஸ்ஃபோர்ஜிலும் பக்கிட் தளத்திலும் கைப்பற்றப்பட்ட கணக்குகள் வழியாக உண்மையான மாட்களுக்குள் நுழைந்தது. உலாவியின் குக்கிகள், டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட், மைன்கிராஃப்ட் உள்நுழைவுகள் ஆகியவற்றைத் திருடியது. நகலெடுத்த கிரிப்டோ முகவரியை மாற்றியது. கணினியிலுள்ள மற்ற ஜார் கோப்புகளுக்குள்ளும் தன்னைப் புகுத்திக்கொள்ள முயன்றது. விண்டோஸும் லினக்ஸும் இலக்கு. பெரிய தளத்திலேயே இது நடந்ததென்றால், மாட்களை அனுமதியின்றி மறுபதிவேற்றும் தளங்களின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். அங்கே கோப்பின் பெயரில் போடும் பதிப்பு எண்கூட உண்மையாக இருக்கும் என்ற உறுதியில்லை. லாஞ்சருக்குள் இருந்தோ ஆசிரியரின் சொந்தப் பக்கத்திலிருந்தோ மட்டும் எடுக்கவும். கிட்ஹப்பிலிருந்து எடுக்கும்போது 'சோர்சஸ்', 'டெவ்', 'ஏபிஐ' என்று முடியும் ஜார்கள் நிரலாளர்களுக்கானவை; அவற்றை மாட்ஸ் ஃபோல்டரில் போட்டால் ஓடாது.

நண்பர்களோடு சர்வரில் விளையாடுபவர்கள் இந்த முழு வரிசையையும் சர்வரில் முதலில் செய்ய வேண்டும். சர்வரின் பிரதி, சர்வரின் சோதனை, பிறகே சர்வர் மாற்றம். அதே நாளில் எல்லோருக்கும் புதிய மாட்ரிந்த் பேக் கோப்பு. கிரியேட் 6 உள்ளவர் 0.5.1 சர்வருக்குள் நுழைய முடியாது. பழைய இன்ஸ்டன்ஸை, சோதனை முடிந்து புதியதில் சில வாரம் சிக்கலின்றி ஓடும்வரை, யாரும் அழிக்க வேண்டாம்.